தோய்ச்சல் உருக்கில் துளையிடுதல்: வீட்டுப் பட்டறைக்கான வழிமுறை

வன்னியில் பழைய லொறியின் ஸ்பிறிங் தகடொன்றைப் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போடுமுன் எவரும் இரண்டு தரம் யோசிப்பார்கள். கத்தி, கோடரி, மண்வெட்டி, கலப்பையின் கொழு, படலைக்கான தாழ் என்று அதற்கு ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் இரும்பும் எரிபொருளும் அருமையாகிப்போன காலத்தில் இங்குள்ள கம்மாலைகளுக்கு இத்தகைய பழைய உருக்கு பெரும் செல்வமாக இருந்தது. இன்று மின்சாரமும் டிறில் மெசினும் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தத் தகட்டில் 6 மில்லிமீற்றரில் ஒரு துளை போட முனைபவர் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நின்றுவிடுகிறார். டிறில் கீச்சிடுகிறது, புகை எழுகிறது, தகட்டில் பளபளப்பான ஒரு பொட்டு மட்டும் மிஞ்சுகிறது, துளைப்பானின் முனை மழுங்கிவிடுகிறது. இந்த வேலையை விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதால், அதன் முறையைக் காரணங்களோடு இங்கே விளக்குகிறேன்.

ஸ்பிறிங் தகட்டு உருக்கில் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 வீதம் வரை கரி (காபன்) உண்டு. அத்துடன் மங்கனீசும், வகையைப் பொறுத்துக் குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்திருக்கும். அதைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து (இதுவே தோய்ச்சல்), பின்னர் ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரையில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். அதன் பின் அதன் கடினம் றொக்வெல் சி அளவில் 40 முதல் 48 வரை இருக்கும். சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) துளைப்பானின் கடினமோ 62 முதல் 65 வரை. ஆகவே துளைப்பான் உருக்கைவிடக் கடினமானதுதான். வெட்டும் வலு அதற்கு உண்டு. வேலையைக் கெடுப்பது சூடு. துளைப்பான் வெட்டாமல் உராயத் தொடங்கிய கணத்திலிருந்து அதன் விளிம்பு சூடாகி மழுங்குகிறது. மழுங்கிய விளிம்பு மேலும் உராய்கிறது. உராய்ந்த இடம் சிவக்குமளவு சூடேறினால், சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சி, அவ்விடத்தைப் புதிதாகத் தோய்ச்சல் போட்டதுபோல முன்பைவிடக் கடினமாக்கிவிடுகிறது. நாம் காணும் பளபளப்பான பொட்டு அதுதான். கீழே சொல்லப்படும் வேகம், அழுத்தம், எண்ணெய், பிடிமானம் எல்லாம் துளைப்பான் ஒரு கணமும் உராயாமல் எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஒரே தேவைக்காகவே சொல்லப்படுகின்றன.

வேலையைத் தொடங்குமுன் கையிலிருக்கும் இரும்பு எது என்பதை நிச்சயமாக அறிந்திருக்கவேண்டும்; இதை நம் மண்ணில் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. காணியில் கிண்டும்போது வெளிப்பட்ட குழாய், உருளை, இனந்தெரியாத கனத்த உருக்குத் துண்டு எதையும் பட்டறைக்குக் கொண்டுவரக் கூடாது. தொடாமல், கண்ட இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவிக்கவேண்டும். வெடிக்காத எறிகணை துருப்பிடித்து வெறும் இரும்புபோலத் தோன்றினாலும் அதன் உள்ளிருப்பது ஆண்டுகள் கடந்தும் வெடிக்கும். வாகனத்தின் சொக் அப்சோபர்போன்ற மூடிய குழாய்களும் இந்த வேலைக்கு ஆகாதவை: உள்ளே எண்ணெயும், சிலவற்றில் அழுத்தத்தில் அடைத்த வாயுவும் இருப்பதால், சூடாக்கினாலோ துளைத்தாலோ அவை வெடிக்கக்கூடும். இன்னொன்று, திரும்பவும் வாகனத்தில் பூட்டப்போகும் ஸ்பிறிங் தகட்டில் புதிதாகத் துளை போடவே கூடாது. தொழிற்சாலையில் நடு ஆணிக்கான துளை தோய்ச்சலுக்கு முன்பே போடப்படுகிறது, அதுவும் யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும், வளைவு குறைந்த பகுதியில். நாம் வேறோர் இடத்தில் போடும் துளையின் ஓரத்தில் இழுவை சாதாரண இடத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகக் குவியும். தகடு அங்கிருந்தே வெடித்துப் பிளக்கும்.

அடுத்ததாகக் கடினத்தைச் சோதிக்கவேண்டும். ஸ்பிறிங் தகட்டின் மேற்பரப்பு, காய்ச்சும்போது கரியை இழந்து சற்று மென்மையாகிவிடுவதால், அதன்மேல் நேரடியாக அரத்தை வைத்துப் பார்ப்பது தவறான விடையைத் தரும். துளை வரவேண்டிய இடத்தில் துரு, கிறீஸ், கரும்படலம் எல்லாவற்றையும் கிறைண்டரால் அகற்றி, உள்ளேயும் மிக மெல்லியதாகச் சீவிவிட்டு, அதன்பின் நல்ல புதிய அரமொன்றின் ஓரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் தயங்கித் தயங்கியாவது பிடித்துத் தூள் விழுத்தினால், அது துளையிடத்தக்க ஸ்பிறிங் பதத்தில் இருக்கிறது. அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கி, கீறலே விழாவிட்டால், கடினம் 60ஐ அண்மித்துவிட்டது என்று கொள்ளலாம். பழைய அரங்களும் சில பொறி வாள்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் சூட்டால் இளக்காமல் துளையிட முயல்வது வீண் வேலை. அந்தக் கரும்படலத்தை அகற்றுவது சோதனைக்கு மட்டுமல்ல, துளைப்பானுக்கும் நன்மை. துளைப்பானின் கூர்மையை உருக்குக்கு முன்பே தின்றுவிடுவது அந்தப் படலம்தான்.

இனித் துளைப்பான். சாதாரண எச்.எஸ்.எஸ். துளைப்பானால் மெல்லிய தகட்டில் ஓரிரு துளை போடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கோபால்ட் கலந்த துளைப்பான் சிறந்தது: எம்35 வகையில் 5 வீதமும் எம்42 வகையில் 8 வீதமும் கோபால்ட் இருப்பதால், சூடேறினாலும் அதன் விளிம்பு கடினத்தை இழப்பதில்லை. கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். தங்க நிறத்தில் மின்னுபவை பெரும்பாலும் சாதாரண துளைப்பான்மேல் மெல்லிய பூச்சுப் பூசியவையே. அந்தப் பூச்சு முதல் தீட்டுதலோடு முனையிலிருந்து போய்விடும். தண்டில் எச்.எஸ்.எஸ். என்பதற்குப் பின்னால் சி.ஓ. என்ற எழுத்துகளோ எம்35 என்ற குறியோ பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முனைக் கோணம் 118 பாகையாக இல்லாமல் 135 பாகையாகவும், நடு முனை பிளந்து தீட்டப்பட்டதாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அத்தகைய முனை வழுக்கி ஓடாது, குறைந்த அழுத்தத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

கோபால்ட் துளைப்பான் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. சுவர் துளைக்கும் கொங்கிறீற் துளைப்பானோ சிறு ஊர்க் கடையிலும் இருக்கும். அதன் முனையில் பித்தளையால் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துண்டு டங்ஸ்டன் காபைட் ஆகும். அது எந்த ஸ்பிறிங் உருக்கையும்விடப் பலமடங்கு கடினமானது. வீட்டுப் பட்டறைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. வாங்கியபடி அது வெட்டாது, ஏனெனில் அதன் விளிம்பு கல்லை நொறுக்குவதற்காக மொட்டையாக விடப்பட்டிருக்கிறது. அதைத் தீட்டவேண்டும். சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல் காபைட்டைத் தீட்டாது, உரசிச் சூடாக்க மட்டுமே செய்யும். பச்சை நிறச் சிலிக்கன் காபைட் கல்லோ, தரை ஓடு (ரைல்) வெட்டும் வைரத் தட்டோ வேண்டும். தட்டைப் பயன்படுத்துவதானால் வைரம் தட்டையான முகத்திலும் பதிக்கப்பட்டிருக்கவேண்டும்; வெட்டுவதற்கென்றே செய்த தட்டை பக்கவாட்டில் அழுத்தினால் அது உடைந்து தெறிக்கலாம். காபைட் துண்டின் இரு பக்கத்து விளிம்புகளையும் ஒரே நீளமாகவும் ஒரே சாய்வாகவும் தீட்டி, விளிம்புக்குப் பின்னால் ஏறத்தாழ 10 பாகை சரிவு விட்டு, நகத்தில் வைத்தால் பிடிக்கும் கூர் வரும்வரை மெதுவாகச் செய்யுங்கள். ஒரு விளிம்பு மற்றதைவிட நீண்டுவிட்டால் துளை பெரிதாகும், முனையும் உடையும். சூடான முனையைத் தண்ணீரில் தோய்க்கவே கூடாது, காபைட் வெடித்துவிடும். இடையிடையே நிறுத்தித் தானாக ஆறவிட்டுத் தொடருங்கள். தீட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். இவ்வகைத் துளைப்பானின் முனை எழுதப்பட்ட அளவைவிடச் சற்று அகலமாக இருக்கும் என்பதால், துளையின் அளவு முக்கியமானால் முதலில் வேணியர் இடுக்கமானியால் அளந்துகொள்ளுங்கள்.

வேகத்தைக் கணக்கிட்டே தீர்மானிக்கவேண்டும். இந்த உருக்குக்குக் கோபால்ட் துளைப்பானின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மீற்றர் ஓடினால் போதும். 6000ஐத் துளைப்பானின் விட்டத்தாலும் 3.14ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று வந்துவிடும்: 4 மில்லிமீற்றருக்கு 480 அளவில், 6க்கு 320 அளவில், 10க்கு 190 அளவில். காபைட் முனை சூட்டைத் தாங்கும் என்பதால் அதற்கு நிமிடத்துக்கு 20 மீற்றர் வரை போகலாம். 6 மில்லிமீற்றருக்கு அது ஏறத்தாழ 1,060 சுற்று. பட்டியால் ஓடும் சிறிய மேசை டிறில்கள் பலவற்றின் மிகக் குறைந்த வேகமே 500 சுற்றுக்கு மேல் இருப்பதால், அவற்றில் பெரிய கோபால்ட் துளைப்பானைப் போடுவது அதை எரிப்பதற்குச் சமம். அங்கே காபைட்டே பொருத்தம். கையில் பிடிக்கும் டிறிலில் விசையை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். கையால் சுழற்றி மார்பால் அழுத்தும் பழைய டிறிலை வைத்திருப்பவர்கள் அதைக் குறைவாக எண்ணவேண்டாம். மெதுவான சுற்றும் பலமான அழுத்தமும் சேர்ந்த அந்தக் கருவி கடின உருக்குக்கென்றே செய்ததுபோல வேலை செய்யும். எந்த டிறிலானாலும் கொங்கிறீற்றுக்கான சுத்தியல் விசை நிறுத்தப்பட்டிருக்கவேண்டும். அதை மறந்தால் காபைட் முனை முதல் அடியிலேயே உதிரும்.

வேகம் குறைந்தால் அழுத்தம் கூடவேண்டும். வெறுங்கையால் தரக்கூடிய அழுத்தம் 6 மில்லிமீற்றருக்கு மேல் போதாது. நிலையான டிறில் இல்லாதவர்கள் ஒரு நெம்புகோல் அமைத்துக்கொள்ளலாம்: உறுதியான தூணொன்றில் ஆணியால் பொருத்திய வளையத்தில் நான்கடி நீளமான பனஞ்சிலாகையின் ஒரு முனையைச் செருகி, அந்த முனையிலிருந்து ஏறத்தாழ ஓரடியில் டிறிலின் பின்பக்கம் படும்படி வைத்து, மறு முனையை ஒருவர் கீழ்நோக்கி அழுத்தினால், அவர் தரும் பலம் நான்கு மடங்காக முனையில் இறங்கும். டிறிலை நேராகப் பிடிப்பவர் வேறாகவும் சிலாகையை அழுத்துபவர் வேறாகவும் இருப்பது நல்லது. இருவரும் பேசிக்கொண்டே செய்யவேண்டிய வேலை இது.

தகட்டைப் பிடித்துவைப்பதில் பலருக்குக் கவனம் குறைவு. ஸ்பிறிங் தகடு வளைந்தது. முதுகு மேலே வரும்படி மேசையில் வைத்தால் இரு முனையும் பட்டு, நடு அந்தரத்தில் நிற்கும். அழுத்தும்போது கீழே வளையும் அந்த நடுப்பகுதி, துளைப்பான் மறுபக்கம் வெளிவரும் தறுவாயில் மேலே துள்ளித் துளைப்பானைக் கவ்விக்கொள்ளும். முனை உடைவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். ஆகவே துளை வரும் இடத்துக்கு நேர்கீழே பாலை மரக் கட்டையொன்றை இடைவெளியில்லாமல் அடைகொடுத்து, அதற்கும் தகட்டுக்கும் நடுவே சாதாரண இரும்புத் தகடொன்றைச் செருகி, மூன்றையும் ஜி கிளாம்பால் சேர்த்து இறுக்குங்கள். முதிரையும் போதும், தென்னங்கட்டை நசிந்துவிடும். துளைப்பான் உருக்கைக் கடந்ததும் வெறுமையில் விழாமல் அந்த இரும்பில் இறங்கும். சாரம் கட்டியிருப்பவர்கள் அதை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்ளவேண்டும் அல்லது காற்சட்டைக்கு மாறவேண்டும். நீளமான முடியையும் கட்டவேண்டும். சுழலும் டிறிலுக்குப் பக்கத்தில் துணிக் கையுறை அணிவது பாதுகாப்பல்ல, ஆபத்து. அது சுற்றிக்கொண்டால் விரலையும் கூடவே இழுக்கும்.

துளையின் இடத்தைக் குறிக்க, புள்ளி பதிக்கும் கூரான உருக்குக் கருவியான சென்டர் பஞ்சை ஓங்கி அடித்தால் பஞ்சின் முனைதான் நசியும். அதற்குப் பதிலாக, அரை அங்குலக் கனமுள்ள சாதாரண இரும்புத் துண்டொன்றில் தேவையான அளவுத் துளையை முதலில் போட்டு, அதை ஸ்பிறிங் தகட்டின்மேல் சரியான இடத்தில் கிளாம்பால் இறுக்கினால், அந்தத் துளையே துளைப்பானுக்கு வழிகாட்டியாக நின்று அதை ஓடவிடாது. கோபால்ட் துளைப்பானுக்கு எண்ணெய் வேண்டும். கந்தகம் கலந்த வெட்டு எண்ணெய் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெய் வேலையை நடத்தித் தரும். பாவித்த எஞ்சின் ஒயில் தோலில் படக் கூடாத பொருள் என்பதால் அதை நான் பட்டறையில் இந்த வேலைக்கு ஏற்பதில்லை. காபைட் முனைக்கு எண்ணெயை இடையிடையே மட்டும் சொட்டவிடுவது அதைத் திடீரெனக் குளிரவைத்து வெடிக்கச் செய்யும். ஒன்று, தொடர்ச்சியாக ஊற்றவேண்டும், அல்லது வரட்சியாகவே துளைக்கவேண்டும். வீட்டில் இரண்டாவதே எளிது.

துளைப்பான் தகட்டில் படுவதற்கும் அழுத்தம் முழுதாக இறங்குவதற்கும் இடையில் தாமதம் இருக்கக் கூடாது. பட்டதும் உறுதியாக அழுத்துங்கள். சீவல் வருகிறதா என்று பாருங்கள். சுருண்ட சீவலோ ஊசிபோன்ற சிறு துண்டுகளோ வந்தால் வெட்டு நடக்கிறது. நுண்ணிய தூள் மட்டும் வந்தாலோ கீச்சென்ற ஒலி எழுந்தாலோ உடனே தூக்கிவிடுங்கள். அழுத்தம் போதவில்லை, அல்லது விளிம்பு மழுங்கிவிட்டது. கோபால்ட் துளைப்பானில் சீவல் நீலமாக மாறினால் வேகத்தைக் குறைக்கவேண்டும்; வைக்கோல் நிறம் சரி. காபைட்டில் சீவல் நிறம் மாறுவது இயல்பானது. ஓய்வெடுப்பதானால் துளைப்பானை வெளியே எடுத்துவிட்டே எடுங்கள். அழுத்தாமல் துளைக்குள் சுழலவிடுவதைப்போல் அதைக் கெடுப்பது வேறில்லை. 10 மில்லிமீற்றர் துளை வேண்டுமென்றால் கோபால்ட் துளைப்பானில் முதலில் 4 மில்லிமீற்றரில் ஒரு வழித்துளை போட்டுப் பின் ஒரேயடியாக 10க்குப் போகலாம். மெல்ல மெல்ல அளவைக் கூட்டிப் போனால் ஒவ்வொரு துளைப்பானின் ஓர முனைகளும் சிதையும். தீட்டிய காபைட்டுக்கு வழித்துளையே வேண்டாம். மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் ஒலி மாறும். அப்போது அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அடியிலுள்ள இரும்பில் முழுதாக இறங்கும்வரை பொறுமையாக விடுங்கள்.

துளையிடும் இடம் ஸ்பிறிங்காக இயங்கவேண்டிய தேவையில்லாவிட்டால் சூட்டால் இளக்குவது இலகுவான வழி. கத்தியின் பிடிக்குள் போகும் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கடினம் எதற்கும் பயன்படாது. அலகை ஈரச் சாக்கால் சுற்றியோ தண்ணீருக்குள் அமிழ்த்தியோ வைத்துவிட்டு, பிடிப்பகுதியை மட்டும் காஸ் சுவாலையாலோ கம்மாலை உலையிலோ மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். நம் ஊர் வெயிலில் அந்தச் செம்மை கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது சூடு மிஞ்சியிருக்கும். ஆகவே நிழலிலோ அந்தி நேரத்திலோ செய்யவேண்டும். காந்தத்தை நூலில் கட்டி இடையிடையே நெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 770 பாகையில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் இன்னும் ஒட்டும் மங்கிய செந்நிறத்திலேயே சில நிமிடங்கள் வைத்திருந்து ஆறவிட்டால் போதிய அளவு இளகிவிடும். அந்த எல்லையைத் தாண்டாததால் ஆறும்போது மீண்டும் கடினமாகும் பயமும் குறைவு. தாண்டிவிட்டால் மிக மெதுவாக ஆறவிடவேண்டும். அதற்கு நெல் ஆலைகளில் குவிந்துகிடக்கும் உமிச் சாம்பலைவிடச் சிறந்த பொருள் இங்கில்லை. சூட்டைக் கடத்தாத அந்தச் சாம்பலுக்குள் ஈரமில்லாமல் புதைத்து மறுநாள் காலையில் எடுத்தால், சாதாரண துளைப்பானே போதும். ஸ்பிறிங்காகவே இயங்கவேண்டிய துண்டை மட்டும் இவ்வாறு இளக்கவேண்டாம். அதை மறுபடி எண்ணெயில் தோய்த்து 450 பாகையில் பதப்படுத்துவது, வெப்பத்தை அளக்கும் கருவியில்லாத உலையில் நம்பிச் செய்யக்கூடியதல்ல. நிறம் பார்த்துப் பதம் அறியும் முறை 300 பாகையின் நீலத்தைச் சற்றுத் தாண்டியதோடு முடிந்துவிடுகிறது.

மரக்காலையில் கழித்த பட்டி வாள், மணிக்கூட்டு வில், இழுத்து மடக்கும் அளவுநாடா போன்ற ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய உருக்குக்குச் சிறியதொரு வழி உண்டு. தலை வெட்டிய ஆணியொன்றின் முனையை மழுக்கி டிறிலில் பூட்டி, உருக்குப் பட்டியை மரக் கட்டைமேல் இறுக்கி, உச்ச வேகத்தில் அந்த இடத்தில் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று மாறி இறுதியில் சாம்பல் நிறமாகும். அங்கே நிறுத்துங்கள், சிவக்கவிட்டால் ஆறும்போது மீண்டும் கடினமாகிவிடும். பின்னர் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே பட்டியை வைத்து இறுக்கி, மரத்தோடு சேர்த்துத் துளையுங்கள். கையால் பிடித்த மெல்லிய பட்டி துளைப்பானில் சிக்கினால் சுழலும் வாளாகிவிடும். சுருண்டிருக்கும் வில்லை அதன் இறுக்கத்தை முழுதாக விடுவிக்காமல் தொடக் கூடாது.

துளை விழுந்ததும் வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டாம். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து அதன் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே இருந்திருக்கவேண்டும். இரு வாய்களிலும் நிற்கும் பிசிறைக் காபைட் முனையாலோ சிறிய சாணைக் கல்லாலோ சரித்து அகற்றி, உட்சுவரை மெல்லிய மணற்றாள் சுற்றிய குச்சியால் தேய்த்து, சுற்றுக்கீறல்களை மறையச் செய்யுங்கள். வெடிப்பு பெரும்பாலும் அத்தகைய கீறலிலிருந்துதான் புறப்படும். துளையைச் சுற்றி நீல வளையம் தெரிந்தால் அங்கே மேற்பரப்பு 300 பாகையை எட்டியிருக்கிறது. 450 பாகைக்கு மேல் பதப்படுத்திய லொறித் தகட்டுக்கு அதனால் இழப்பில்லை, மணிக்கூட்டு வில்லுக்கு உண்டு. காபைட் முனை உள்ளே உடைந்து சிக்கிக்கொண்டால் அதன்மேல் இன்னொரு துளைப்பானை ஓட்டாதீர்கள்; அது எதற்கும் மசியாது. தகட்டைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து கோபால்ட் துளைப்பானால் எதிர்த்துளை போட்டு, சிக்கிய துண்டுக்குச் சற்று முன்னதாக நிறுத்தி, கண்ணாடி அணிந்துகொண்டு, தோய்ச்சல் போட்ட ஊசிப் பஞ்சால் வந்த வழியே தட்டி வெளியேற்றுங்கள்.